அறுபது கிலோ

கல்யாணமாகி ஒரு மாதம்கூட முடியவில்லை, அதற்குள் ரொனால்டு இரண்டு கிலோ கூடிப்போனான்.

தவக்காலம் முழுக்கக் கல்யாணம் கிடையாது என்பதால், சூசையாபுரத்தில் ஈஸ்டர் கழிந்த கையோடு தெருவுக்குத் தெரு பந்தல் விழும். ரொனால்டுக்கும் அப்படித்தான் விழுந்தது. பெண் கன்னிவாடிப் பக்கம், பெயர் ஜோஸ்பின். மாமனாருக்கு அண்ணன் தம்பிகள் ஏராளம். மறுவீடு போன மாப்பிள்ளை ஒரு வீட்டில் சாப்பிட்டால் அடுத்த வீட்டுக்குக் கோபம் வரும் என்று வீட்டுக்கு வீடு கோழி அடித்தார்கள்; குடலும் தலைக்கறியுமாக வெஞ்சனம் வைத்தார்கள். அவனும் சாப்பாட்டைப் பார்த்து முகம் சுளிக்கிற ஆள் இல்லை. ஊர் திரும்பும்போது பெல்ட்டில் ஒரு ஓட்டை தள்ளிப் போட வேண்டியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் புதுமாப்பிள்ளைப் பூரிப்பு என்று சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ரொனால்டு செம்பருந்து கபடிக் குழுவின் முதல் ரைடர். திண்டுக்கல் வட்டாரத்தில் அந்த வருடங்களில் கபடிப் போட்டி என்றால் எடைக்கணக்குதான். அறுபது கிலோப் போட்டி என்று நோட்டீஸ் அடித்திருந்தால், இறங்குகிற ஏழு பேரும் அறுபதுக்குள் நிற்க வேண்டும். திடல் ஓரத்தில் தராசைப் போட்டு, ஜட்டியோடு ஏற்றி, சரியாக இருந்தால் தொடையில் மை முத்திரை குத்துவார்கள். தராசுத் தண்டு கொஞ்சம் தூக்கினாலும் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சின்னாளப்பட்டிக்கு வெளியே ஒரு திடலில் அன்றைக்குச் சாயங்காலம் அப்படி ஒரு போட்டி இருந்தது.

பிராங்க்ளின் அந்தக் குழுவில் எட்டாவது ஆள். ஏழு பேரில் ஒருவனுக்குக் கால் பிசகினால், காய்ச்சல் கண்டால், எடை நிற்காமல் போனால் அவன் இறங்குவான். மற்ற நேரமெல்லாம் எல்லோருடைய துண்டும் வாட்சும் மோதிரமும் அவன் மடியில் இருக்கும். மூன்று வருடமாக இதுதான் அவன் ஆட்டம். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை; எக்ஸ்ட்ரா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. போன வருடம் நத்தத்தில், ஆட்டம் தொடங்கப் போகிற நேரத்தில் ரொனால்டு வாந்தி எடுத்துச் சுருண்டான். அதற்குச் சற்று முன்னால் அவனுக்கு இளநீர் வாங்கிக் கொடுத்தவன் பிராங்க்ளின். அவனுக்குப் பதிலாக இறங்கியவனும் பிராங்க்ளின். இந்த இரண்டையும் குழுவில் இன்னொருவனான ஆனந்த்ராஜ் சேர்த்து முடிச்சுப் போட்டான். முதலில் வேடிக்கையாகத்தான் சொன்னான். சொல்லச் சொல்ல வேடிக்கை உதிர்ந்து, பேச்சு மட்டும் நின்றுவிட்டது. ரொனால்டின் கல்யாணப் பந்தியில் பிராங்க்ளின் தண்ணீர் ஜக்கோடு வந்தபோது, மாப்பிள்ளையின் தம்ளரைக் கையால் மூடி, "இவன் ஊத்துற தண்ணிய குடிச்சிராத மாப்ள, மொத ராத்திரிக்கு வேற ஆள எறக்கிருவான்" என்றான் ஆனந்த்ராஜ். பந்தியே சிரித்தது. ரொனால்டும் சிரித்தான். அவன் ஒருநாளும் அந்தப் பழியைத் தன் வாயால் சொன்னதில்லை; ஆனால் பிறர் சொல்லும்போது சிரிப்பான்.

போட்டியன்று காலையில் எல்லோரும் மிக்கேல்ராஜின் புளி குடோனில் கூடினார்கள். மிக்கேல்ராஜ் புளி வியாபாரி. ஒரு காலத்தில் நல்ல ஆட்டக்காரர். இப்போது குழுவுக்கு ஜெர்சி, வேன், பிரியாணி எல்லாம் அவர் செலவு. அதனால் குழுவும் அவருடையது. மூட்டை நிறுக்கிற தராசில் ஒவ்வொருவராக ஏறி இறங்கினார்கள். ஆறு பேர் அடங்கினார்கள். ரொனால்டு ஏறியதும் தண்டு டக்கென்று மேலே முட்டியது. குண்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். அறுபதைத் தாண்டி இரண்டு கிலோவுக்கு மேல் நின்றது.

மிக்கேல்ராஜ் ரொனால்டின் தலைமுடியைப் பார்த்தார். பிறகு, மொட்டை அடித்தால் எவ்வளவு குறையும் என்று கேட்டார். கால் கிலோகூடத் தேறாது என்றான் ஒருவன். காதை அறுத்தால் என்றான் ஆனந்த்ராஜ். கடைசியில், தண்ணீரை இறக்குவோம் என்று முடிவானது. உடம்பில் முக்கால்வாசி தண்ணீர்தான், அதில் இரண்டு கிலோ போனால் என்ன என்றார் மிக்கேல்ராஜ். அவர் ஆடின காலத்தில் இதைவிடக் கூடவே இறக்கியிருக்கிறாராம்.

யூரியா மூட்டைக்குள் இருக்கும் பாலிதீன் பையில் தலைக்கும் கைக்கும் ஓட்டை போட்டு ரொனால்டுக்கு மாட்டினார்கள். அதன் மேல், கொடைக்கானல் போனபோது மிக்கேல்ராஜ் வாங்கிய கம்பளி ஸ்வெட்டர். அதன் மேல் இன்னொன்று. தலைக்குக் குரங்குக் குல்லா. வாயில் ஒரு உருண்டைப் புளியை அடக்கிவிட்டார்கள். எச்சில் ஊற ஊறத் துப்பிக்கொண்டே ஓட வேண்டும், ஒரு சொட்டுகூட உள்ளே போகக் கூடாது. கத்திரி வெயில் காலை ஒன்பது மணிக்கே குடோன் தகரத்தைப் பழுக்க வைத்திருந்தது. அவன் நின்ற இடத்திலேயே நெற்றியில் முத்து முத்தாக வியர்த்துவிட்டது. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த நேரத்தில்தான் ஜோஸ்பின், காலைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்து குடோன் வாசலில் நின்றாள். புருஷனை அந்தக் கோலத்தில் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிடாதா என்று யாரையும் பார்க்காமல் கேட்டாள்.

"நீ ஊட்டுனத எறக்கிக்கிட்டு இருக்கோம் தாயி" என்றார் மிக்கேல்ராஜ். "செத்த நேரம் அவன எங்களுக்கு விடு. ராத்திரிக்குத் திருப்பித் தந்துர்றோம்."

ஆண்கள் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்து போய்விட்டாள். ரொனால்டு புளியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்று கையைக் காட்டினான்.

யாராவது கூடப் போக வேண்டும். மிக்கேல்ராஜ் சுற்றிப் பார்த்து, பிராங்க்ளினைத்தான் கூப்பிட்டார்.

"சைக்கிள எடுத்துக்கிட்டு இவன் பின்னாலயே போ. நெழல்ல ஓட விடாத, ரோட்டுப் பக்கம் புளியமரத்துக்குக் கீழ போனான்னா திருப்பு. கொளத்துக் கரையில ஓடட்டும். ரயில்வே கேட்டத் தொட்டுட்டுத் திரும்பணும். தண்ணி ஒரு சொட்டு கூடாது."

பிராங்க்ளின் தயங்கினான். வேறு யாரையாவது அனுப்பலாமே என்றான்.

"ஒன்னையத்தான் அனுப்புறேன்" என்றார் மிக்கேல்ராஜ். சிரித்துக்கொண்டே சொன்னாலும் குரலில் சிரிப்பு இல்லை. "எட ஏறுச்சுன்னா நீதான எறங்கப்போற. அதனாலதான். சாயங்காலம் அறுவதுக்கு மேல நின்னான்னா, தண்ணி குடுத்தது யாருன்னு ஊருக்கே தெரியும். இன்னைக்கோட அந்தப் பேச்ச நீயே அழிச்சுக்க அப்பு."

இப்படித்தான் பிராங்க்ளின் அவன் பின்னால் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான்.

குளத்தில் தண்ணீர் வற்றிப் பல மாதமாகியிருந்தது. வண்டல் பாளம் பாளமாக வெடித்து, அதிலிருந்து அனல் எழும்பிக் கரை மேல் அடித்தது. கரையில் ஒரு மரம் கிடையாது. முதல் சுற்று ரொனால்டு நன்றாகவே ஓடினான். துப்பினான், சிரித்தான், மாமியார் வீட்டுக் குடல்கறியைப் பற்றிப் பேசினான். ரயில்வே கேட்டைத் தொட்டுத் திரும்பி வந்ததும் குடோனில் நிறுத்தார்கள். முக்கால் கிலோ இறங்கியிருந்தது. மிக்கேல்ராஜ் அவன் முதுகில் ஓங்கி அறைந்தார். அறைந்த இடத்தில் ஸ்வெட்டரிலிருந்து வியர்வை பிழிந்தது.

இரண்டாவது சுற்றில் பேச்சு நின்றது. மூன்றாவதில், தலை வலிக்கிறது என்றான். வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சைக்கிள் ஹேண்டில் பாரைத் தொட முடியாமல் பிராங்க்ளின் துண்டைச் சுற்றிப் பிடித்திருந்தான். சைக்கிளில் உட்கார்ந்து மிதிக்கிற தனக்கே கண்ணை இருட்டுகிறதே, பிளாஸ்டிக் பைக்குள் வெந்துகொண்டு ஓடுகிறவனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தான். செத்த நேரம் உட்காருங்கள் என்று சொல்ல வாயெடுத்தான். உடனே அவனுக்குள்ளேயே ஒரு சந்தேகம் எழுந்தது: நிஜமாகவே இரக்கப்பட்டுத்தான் சொல்கிறேனா? அவன் உட்கார்ந்தால் எடை இறங்காது. இறங்காவிட்டால் சாயங்காலம் தொடையில் முத்திரை தனக்கு. காலையில் தராசுத் தண்டு முட்டிய நேரத்தில் தன் நெஞ்சு குதித்ததை அவன் மறக்கவில்லை. அந்த ஆசை உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை, வாயிலிருந்து வருகிற நல்ல வார்த்தையைக்கூட அவனால் நம்ப முடியவில்லை. வாயை மூடிக்கொண்டான்.

கரை முடிகிற இடத்தில் கமர்ஜஹானின் திராட்சைத் தோட்டம் இருந்தது. அந்தம்மா புருஷன் போனபிறகு தானே நின்று தோட்டம் பார்க்கிறவர். மத்தியான கரண்டு வந்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியில் தண்ணீர் கை பருமனுள்ள குழாயிலிருந்து கொட்டுகிற சத்தம் கரைவரை கேட்டது. ரொனால்டு நின்றான். சத்தம் வருகிற பக்கம் முகத்தைத் திருப்பினான். பிறகு, யாரோ கையைப் பிடித்து இழுப்பதுபோலக் கரையிலிருந்து இறங்கினான்.

பிராங்க்ளின் சைக்கிளை வேகமாக மிதித்து முன்னால் போய், வரப்பில் குறுக்கே நிறுத்தினான்.

"ஒரு வாய்டா" என்றான் ரொனால்டு. உதடு வெடித்து, ஓரத்தில் புளிச்சாறு காய்ந்து கறுத்திருந்தது. "குடிக்கல. கொப்பளிச்சுத் துப்பிர்றேன். நீயே பாரு, துப்பிர்றேன்."

"வேணாம்ணே. உள்ள போயிரும்."

"போகாதுடா. ஆத்தா மேல சத்தியமா."

"இன்னும் கொஞ்சந்தான்ணே."

"பிராங்க்ளினு" என்றான் அவன். மூன்று வருடத்தில் அவன் வாயிலிருந்து அந்தப் பெயர் வருவது அதுதான் முதல்முறை. "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்டா."

கமர்ஜஹான் தொட்டியருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓடுகிறானே, பையனுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்டார். பந்தயம் என்றான் பிராங்க்ளின். என்ன எழவுப் பந்தயமோ என்று சொல்லிக்கொண்டே அந்தம்மா ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். ரொனால்டு கையை நீட்டினான். பிராங்க்ளின் நடுவில் புகுந்து சொம்பை வாங்கினான். வாங்கிய பிறகு அதை என்ன செய்வது என்று தெரியவில்லை. கீழே ஊற்றினால் அந்தம்மா திட்டுவார். திருப்பிக் கொடுத்தால் அவர் நேராக ரொனால்டிடம் கொடுத்துவிடுவார். அவனுக்கும் தொண்டை வறண்டு ஒட்டியிருந்தது. அண்ணாந்து முழுச் சொம்பையும் தானே குடித்தான். நிறுத்தாமல் குடித்தான். கொஞ்சம் தாடையில் வழிந்து சட்டைக்குள் இறங்கியது. ரொனால்டின் கண்கள் அந்தத் தண்ணீர் போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தன.

அதற்குப் பிறகு ரொனால்டு தண்ணீர் கேட்கவில்லை.

திரும்புகிற வழியில் பிராங்க்ளின் ஒன்றைக் கவனித்தான். ரொனால்டின் கழுத்தில் வழிந்துகொண்டிருந்த வியர்வை நின்றிருந்தது. தோல் காய்ந்து, சூடு வைத்ததுபோல் சிவந்திருந்தது. ஓட்டமும் ஓட்டமாக இல்லை. ஒரு கால் ஒரு பக்கம் இழுத்தது. கிட்டப் போய்க் கையைத் தொட்டான். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியைத் தொட்டதுபோல் இருந்தது.

மிக்கேல்ராஜ் டி.வி.எஸ். வண்டியில் எதிரே வந்தார். பிராங்க்ளின் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிப்போய், அண்ணனுக்கு வியர்வை நின்றுவிட்டது என்று சொன்னான். மிக்கேல்ராஜ் வண்டியில் உட்கார்ந்தபடியே யோசித்தார். அவருக்குத் தெரிந்த கணக்கில், வியர்வை நின்றால் உடம்பு குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம்; குளிர்ந்தால் எடை இறங்குவது நின்றுவிடும். குடோனிலிருந்து இன்னொரு ஸ்வெட்டரை எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

ரொனால்டு கரையில் நின்று தள்ளாடினான். அவன் வாய் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கூர்ந்து கேட்டபோது, கபடி கபடி என்று பாடிக்கொண்டிருந்தான். பிறகு பிராங்க்ளினைப் பார்த்து, சாப்பாடு போதும் மாமா, இலையை எடுக்கச் சொல்லுங்க என்றான்.

"பாத்தியா, இன்னும் மாமியா வீட்டுப் பந்தியிலதான் ஒக்காந்திருக்கான்" என்றார் மிக்கேல்ராஜ். அவருக்குக் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு.

"அண்ணே, போதும்ணே" என்றான் பிராங்க்ளின். "நெழல்ல ஒக்கார வச்சு தண்ணி குடுப்போம்ணே. இவருக்கு ஒண்ணும் சரியில்ல."

சிரிப்பு நின்றது. மிக்கேல்ராஜ் அவனை மேலும் கீழும் பார்த்தார். ஈரமாக இருந்த சட்டை முன்பக்கத்தில் அவர் கண் நின்றது.

"ஒனக்கு எடம் வேணும்னா வாயத் தொறந்து நேரா கேளுலே. இப்பிடிச் சுத்தி வளைக்காத."

வந்த ஸ்வெட்டரை வாங்கி, ரொனால்டின் தலை வழியாகப் பிராங்க்ளினே மாட்டிவிட்டான். கைகள் உள்ளே நுழையாமல் குழந்தையின் கைபோலத் துவண்டன. ஒவ்வொன்றாகப் பிடித்து உள்ளே விட்டான். முதுகில் கை வைத்து, ஓடுங்கண்ணே என்று தள்ளினான்.

குடோன் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், கரைச் சரிவில், ரொனால்டு முகம் குப்புற விழுந்தான். விழுந்தவன் கையைக்கூட ஊன்றவில்லை.

வேன் வந்தது. டிரைவர் முத்துச்சாமியும் ஆனந்த்ராஜும் அவனைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். மூச்சு இருந்தது, சின்னச் சின்னதாக, வேக வேகமாக. நேராக ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்று முத்துச்சாமி வண்டியைக் கிளப்பினார். போகிற வழியில்தான் குடோன். நிறுத்தச் சொன்னார் மிக்கேல்ராஜ்.

"மயக்கந்தான. ரெண்டு பாட்டிலு ஏத்துனா எந்திரிச்சிருவான். ஆனா பாட்டிலு ஏத்துனா எட ஏறிரும். இப்ப எம்புட்டு இருக்கான்னு தெரிஞ்சாத்தான என்ன செய்யலாம்னு பாக்க முடியும்."

முத்துச்சாமி வண்டியை நிறுத்தினார். குடோனில் தினமும் மூட்டை தூக்குகிற கைகள் என்பதால் வேலை சுலபமாக நடந்தது. ஸ்வெட்டரையெல்லாம் கழற்ற நேரமில்லை, அதைப் பிறகு கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். தராசுத் தட்டில் அவனை உட்கார வைத்தார்கள். தலை மார்பில் தொங்கியது. சரிந்துவிடாமல் பிடித்தால் எடை தப்பாகக் காட்டும் என்பதால் ஆனந்த்ராஜ் பிடித்துப் பிடித்து விட்டான். மிக்கேல்ராஜ் குனிந்து குண்டை நகர்த்தினார். தண்டு ஆடி ஆடி நடுவில் நின்றது. மூன்று ஸ்வெட்டர், யூரியாப் பை, குல்லா எல்லாவற்றையும் கழித்தார். அறுபதுக்கு உள்ளே.

யாரோ பின்னாலிருந்து கை தட்டினான். ஒரே ஒரு தட்டு, அதோடு நின்றுவிட்டது. ரொனால்டின் கால் விறைத்துத் தட்டை உதைக்க ஆரம்பித்தது.

பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனான். முத்துச்சாமியும் ரொனால்டின் சித்தப்பா ஒருவரும் ஆட்டோ பிடித்துக் கொண்டுபோனார்கள். வேன் சின்னாளப்பட்டிக்குப் போக வேண்டியிருந்தது; அதை மிக்கேல்ராஜே ஓட்டினார். ஜோஸ்பினிடம், லேசான மயக்கம், ராத்திரிக்குள் வந்துவிடுவான் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார் மிக்கேல்ராஜ். வேனில் பிராங்க்ளினுக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆனந்த்ராஜ் வெகுநேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான். கடைசியில் ரொனால்டின் ஜெர்சியை எடுத்து அவன் மடியில் போட்டான். வேடிக்கைகூடப் பேசவில்லை.

தொடையில் முத்திரை குத்தினார்கள். மை சில்லென்று இருந்தது.

அன்றைக்குப் பிராங்க்ளின் ஆடியதுபோல அதற்கு முன் ஆடியதில்லை. மூன்று வருடமாகக் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்ததெல்லாம் காலில் இறங்கியது. பாடிப் போனால் தொட்டுவிட்டுத்தான் திரும்பினான். இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துத் தொங்கியபோதும் இழுத்துக்கொண்டே வந்து கோட்டில் கை வைத்தான். மைக்கில் அவன் பெயரைச் சொன்னார்கள். சுற்றிலும் ஜனம் எழுந்து கத்தியது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் புழுதி பறக்க, உடம்பெல்லாம் வியர்வை ஓட, குடித்த கோலி சோடா வயிற்றில் குளுகுளுவென்று இருக்க, அவன் சந்தோஷமாக இருந்தான். அந்த நேரத்தில் ரொனால்டு என்று ஒருவன் இருப்பதே அவன் நினைவில் இல்லை.

இரண்டாவது ஆட்டத்தின் இடைவேளையில் முத்துச்சாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மிக்கேல்ராஜின் காதில் ஏதோ சொன்னதை அவன் பார்த்தான். மிக்கேல்ராஜ் தலையைக் குனிந்து கேட்டார். பிறகு முத்துச்சாமியின் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டு, ஆட்டக்காரர்கள் பக்கம் திரும்பி, போங்கடா, இன்னும் நாலு பாயிண்ட்தான் என்று கை தட்டினார். அந்த ஆட்டத்தையும் ஜெயித்தார்கள். ஜெயித்து, கட்டிப்பிடித்து, மண்ணில் உருண்டு எழுந்த பிறகுதான் மிக்கேல்ராஜ் சொன்னார். அவர்கள் முதல் ஆட்டத்துக்குக் கோட்டில் இறங்கின நேரத்திலேயே எல்லாம் முடிந்திருந்தது. டாக்டர் கத்தரியால் ஸ்வெட்டர்களை வெட்டினாராம். உள்ளே யூரியாப் பையைப் பார்த்துவிட்டு, இதை யார் போட்டது என்று கேட்டாராம். ஐஸ்கட்டி வைத்தார்கள், பாட்டில் ஏற்றினார்கள், ஒன்றும் பிடிக்கவில்லை. முத்துச்சாமி மீதியைச் சொல்லிவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மறுநாள் பிற்பகல் அடக்கம். கோயில் மணி நிதானமாக ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்தது. வீட்டு முன்னால் போட்ட பந்தலின் கீழ் மிக்கேல்ராஜ் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். வேன், பந்தல், பெட்டி எல்லாம் அவர் செலவு. கன்னிவாடியிலிருந்து வந்திருந்த மாமனார் வீட்டு ஆட்கள் அவரைச் சுற்றி நின்று என்ன நடந்தது என்று கேட்க, அவர் கம்மிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். வேண்டாம்டா, அடுத்த போட்டியில் பார்த்துக்கொள்ளலாம் என்று எவ்வளவோ சொன்னாராம். கேட்கவில்லையாம். தண்ணீராவது குடித்துக்கொண்டு ஓடு என்று, கூடவே ஆளையும் சைக்கிளையும் அனுப்பினாராம்.

"அந்தா நிக்கிறானே, அவன்தான் கூடவே போனான். வேணும்னா கேட்டுப்பாருங்க" என்றார்.

எல்லாத் தலைகளும் பிராங்க்ளின் பக்கம் திரும்பின. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்த ஆனந்த்ராஜ் தரையைப் பார்த்தான். மாமனாரின் தம்பி ஒருவர், எடை நிற்காவிட்டால் இறங்கவேண்டிய ஆள் இவன்தானா என்று மெதுவாக விசாரிப்பது பிராங்க்ளினுக்குக் கேட்டது. யாரோ ஆமாம் என்றார்கள். அப்போது அவனுக்கு ஒன்று விளங்கியது. தண்ணீர் கொடுத்திருந்தாலும் இடத்துக்காகக் கொடுத்தான் என்றிருப்பார்கள். கொடுக்கவில்லை என்றால், இடத்துக்காகத்தான் கொடுக்கவில்லை என்று சொல்லப்போகிறார்கள்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, ஜோஸ்பின் கூப்பிடுகிறாள் என்றாள்.

பெட்டி இன்னும் மூடவில்லை. கல்யாணக் கோட்டையே போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். வெடித்த உதட்டில் ஏதோ எண்ணெய் தடவியிருந்தது. தலைமாட்டில் ரொனால்டின் அம்மா ஆரோக்கியம்மாள் குரல் போய் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஜோஸ்பின். அவள் அழுது முடித்திருந்தாள். அவன் கிட்டே வந்ததும், உட்காரச் சொல்லி, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"தம்பி, கடைசி வரைக்கும் நீதான் கூட இருந்தியாம்ல. தண்ணி கேட்டாரா?"

பந்தலில் பேச்சுச் சத்தம் குறைந்ததுபோல் இருந்தது. ஜன்னல் வழியே மிக்கேல்ராஜின் வெள்ளைச் சட்டை தெரிந்தது. பிராங்க்ளின் ரொனால்டின் முகத்தைப் பார்க்காமல், கோட்டின் பொத்தானைப் பார்த்தான்.

"இல்ல மதினி" என்றான். "நான் குடுத்தேன். அவருதான் வேணாம்னுட்டாரு."

ஜோஸ்பின் தலையாட்டினாள். ஆனால் அதுவரை அசையாமல் இருந்த ஆரோக்கியம்மாள் நிமிர்ந்தார். போன குரலை எங்கிருந்தோ இழுத்துக்கொண்டு, மகனின் நெஞ்சில் கையால் அடித்தார்.

"குடுத்திருக்கானேடா. அந்தப் பிள்ள குடுத்திருக்கானேடா. ஒரு வாய் குடிச்சா கொறஞ்சா போயிருவ? அம்புட்டு வீம்பாடா ஒனக்கு? சின்னதுலருந்து ஒரு நாளு சொன்ன பேச்சு கேட்டிருக்கியா நீயி?"

பெண்கள் அவரைப் பிடித்தார்கள். அவர் உதறிக்கொண்டு செத்துக் கிடந்தவனைத் திட்டித் தீர்த்தார். பெண்டாட்டியை நினைத்தாயா, பெற்றவளை நினைத்தாயா என்று கேட்டார். ஜோஸ்பினும் இப்போது அவனைப் பார்க்கிற பார்வையில் ஒரு கோபம் வந்திருந்தது. ஓய்ந்தபிறகு ஆரோக்கியம்மாள் திரும்பி, பிராங்க்ளினின் வலது கையைத் தடவித் தேடிப் பிடித்தார். இரண்டு கையாலும் பொத்திக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீயாவது குடுத்தியேப்பா" என்றார். "இந்தக் கையி நல்லா இருக்கணும்."

பிராங்க்ளின் கையை இழுத்துக்கொள்ளவில்லை.